பெங்களூரிலிருந்து சென்னைக்கு: குடிபோகும் முன்பே கரண்ட் பில்லைக் கணக்கிடுவது எப்படி?

பெங்களூரில் ஆறு வருடம் வாடகை வீட்டில் இருந்தோம். கரண்ட் பில் என்பது மாதத்தில் ஒரு நாள் நினைவுக்கு வரும், கட்டியதும் மறந்துபோகும் சங்கதி. சென்னைக்கு மாற்றல் வந்ததும் வாடகை, அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், சாமான் ஏற்றும் லாரி என்று எல்லாவற்றுக்கும் தாள் போட்டுக் கணக்குப் பார்த்தேன். கரண்டுக்கு மட்டும் "இங்கே வர்றதைவிட ஒரு அரைப் பங்கு கூட வரும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். முதல் கோடை பில் போனில் வந்தபோது, "மீட்டர் ஏதோ தப்பா ஓடுது" என்றேன். "மீட்டர் சரியாத்தான் ஓடுது, உங்க கணக்குதான் ஓடலை" என்றாள் மனைவி.

உண்மைதான். குளிர்ந்த ஊரிலிருந்து வெக்கையான ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. பழைய பில் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது. தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கேயும் போய்ச் சேராது. யூனிட்டில் போட வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பெருக்கலும் கூட்டலும் போதும்.

யூனிட் என்றால் என்ன என்று ஒரு முறை சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆயிரம் வாட் இழுக்கும் ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நூறு வாட் கருவி என்றால் பத்து மணி நேரம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கணக்குதான்.

பகலைப் பார்க்காதீர்கள், இரவைப் பாருங்கள்

ஊர் மாறுகிறவர் முதலில் செய்வது, புது ஊரின் உச்ச வெயில் எவ்வளவு என்று தேடுவது. சென்னையில் மே மாதப் பகல் சராசரியாக 37, 38 டிகிரியைத் தொடும். பெங்களூரில் ஏப்ரல் பகல் சுமார் 34. வித்தியாசம் நாலு டிகிரிதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் பகலில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பதில்லை. ஏசி ஓடுவது இரவில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், ஏப்ரல் மாதத்தில்கூட விடியற்காலை 22 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் பதினோரு மணிக்கு மேல் தூக்கம் வரும். சென்னையில் மே மாத இரவின் ஆகக் குறைந்த வெப்பமே 27, 28. அதுவும் விடிவதற்குச் சற்று முன்னால்தான். ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் அதே வெக்கை.

இதைக் கணக்காக்க ஒரு வழி உண்டு. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி. அதிலிருந்து 24-ஐக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் அன்றைக்கு வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டிய சூட்டின் அளவுகோல். சென்னையின் மே மாதத்தில் இது நாளுக்கு 9 வரும், பெங்களூரின் ஏப்ரலில் 4. ஜூலைக்கு வந்தால் சென்னையில் இன்னும் 6-க்கு மேல் நிற்கும், பெங்களூரில் பூஜ்யம். இன்னொரு வேடிக்கை: சென்னையின் ஜனவரி சராசரி, பெங்களூரின் ஜூலை சராசரியைவிடச் சற்று அதிகம். அதாவது சென்னைக்காரர் "என்ன குளிரு" என்று போர்வையை இழுக்கும் மாதம், பெங்களூர்க்காரருக்கு வழக்கமான மழைக்காலம்.

ஏற்கெனவே ஏசி ஓட்டிப் பழகிய ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவருக்கு இந்த டிகிரிக் கணக்கு நேரடியாகவே உதவும். மதுரையில் கோடைக்கு ஏசியால் இத்தனை யூனிட் ஆனது, சென்னையில் டிகிரி இத்தனை பங்கு, ஆகவே இத்தனை யூனிட் என்று விகிதம் போடலாம். பெங்களூரில் ஏசியே இல்லாமல் இருந்தவர் எதை எதால் பெருக்குவது? அவர் கருவி கருவியாகத்தான் எண்ண வேண்டும்.

பழைய பில்லைப் பிரித்துப் பார்த்தல்

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலு பேர், இரண்டு படுக்கையறை, பெங்களூரில் மாதம் 130 யூனிட். கர்நாடகத்தில் 2023-இல் வந்த கிருஹ ஜோதித் திட்டத்தால், பழைய சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்த அளவுக்குள், 200 யூனிட்டுக்கு மிகாமல் இருப்பவர்களுக்கு பில் தொகை பூஜ்யம். வாடகைக்காரர்களுக்கும் அது உண்டு. அதனால் பலருக்குத் தங்கள் வீடு எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதே மறந்துபோயிருக்கும். தொகை பூஜ்யமாக இருந்தாலும் தாளில் யூனிட் அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே எல்லாவற்றையும் 60 நாளுக்கே கணக்கிடலாம். 260 யூனிட். இதில் விளக்கு, டிவி, வாஷிங் மெஷின், மிக்சி, ரவுட்டர், லேப்டாப் எல்லாம் சேர்ந்து 106 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் 44. கீசர் 90. ஃபேன் 20.

இப்போது ஒவ்வொன்றையும் சென்னைக்குக் கொண்டுபோவோம். முதல் 106 அப்படியே வரும், மிக்சிக்கு ஊர் தெரியாது. ஃபிரிட்ஜுக்குத் தெரியும். சமையலறை சூடாக இருந்தால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும், 50 என்று போடுங்கள்.

கீசர் நமக்கு லாபம். பதினைந்து லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற சுமார் 0.35 யூனிட் ஆகும். நாலு பேர், 60 நாள் என்றால் 84. கீசர் சும்மா இருக்கும்போது இழக்கும் சூட்டையும் சேர்த்துத்தான் பெங்களூரில் 90 என்று எழுதினேன். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் இது பூஜ்யம். பூஜ்யம் என்ன, மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளிப்பதற்கு முதல் நாள் இரவே பக்கெட்டில் பிடித்து ஆற வைக்கிற வீடுகள் உண்டு.

இனி ஃபேன். இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை. ஏசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தலைக்குமேல் சுற்றுவதை மறந்துவிடுகிறார்கள். பெங்களூரில் வருடத்தில் பாதி நாள் ஃபேன் தேவைப்படாது. சென்னையில் அதை நிறுத்துவது கரண்ட் போனால்தான். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். மூன்று ஃபேன், நாளுக்குச் சராசரி 15 மணி நேரம், 60 நாள்: 202 யூனிட். பெங்களூரில் உங்கள் வீடு முழுக்க இழுத்ததில் முக்கால்வாசிக்கும் மேல், வெறும் ஃபேனில்.

ஏசி: ஸ்டிக்கரில் இருக்கிறது விடை

ஏசி எவ்வளவு இழுக்கும் என்று கடையில் கேட்டால் "இன்வெர்ட்டர் சார், ஒண்ணும் இழுக்காது" என்பார்கள் (தேவைக்கேற்பக் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகை அது). கேட்க வேண்டாம், ஏசியின் முகத்தில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் அதை 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிடச் சொல்கிறது. ஆகவே அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால், மணி நேரத்துக்குச் சராசரி எத்தனை யூனிட் என்பது வந்துவிடும். ஸ்டிக்கரில் 1,000 என்றிருந்தால் 0.625. 800 என்றிருந்தால் 0.5. ஒன்றரை டன் ஏசியில், மூன்று நட்சத்திரம் முன்னதற்குப் பக்கத்திலும், ஐந்து நட்சத்திரம் பின்னதற்குப் பக்கத்திலும் இருக்கும்.

நட்சத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், 2022 ஜூலையில் அப்படி ஒரு மாற்றம் வந்தது. பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது. வீட்டுக்காரர் "ஏசியோடு தர்றேன்" என்று காட்டும் பத்து வருடப் பெட்டிக்கு ஸ்டிக்கரே உதிர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் ஒன்றரை யூனிட் கணக்கில் இழுக்கும். நடுநடுவே நின்று ஓடுவதைக் கழித்தாலும் மணிக்கு ஒரு யூனிட் என்று போடுவதுதான் புத்தி.

நம் கணக்குக்கு மூன்று நட்சத்திர ஏசி ஒன்று, படுக்கையறையில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. 0.625-ஐ 8-ஆல் பெருக்கினால் இரவுக்கு 5 யூனிட். 60 இரவுக்கு 300.

சென்னைக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு தேவை. ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. பால்கனியில் குழாய் வழியே சொட்டுமே, அந்தத் தண்ணீர். அதைப் பிழிவதற்கும் கரண்ட் ஆகிறது. நல்ல ஏசியில், வாளியில் 6 லிட்டர் சேர்ந்தால் அந்த வேலைக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு யூனிட் போயிருக்கும். வெளியே 31 டிகிரிதானே என்று நினைக்கும் செப்டம்பர் இரவில்கூட பில் குறையாததற்கு இதுவே காரணம். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு எதுவும் திறந்திருந்தால் கடற்காற்றின் ஈரம் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஏசி பிழிந்துகொண்டே இருக்கும். வாளியில் பிடித்து ஒரு இரவு அளந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் பிடித்துப்போகும்.

ஆக, ஏப்ரல்-மே பில்: 106, ஃபிரிட்ஜ் 50, கீசர் பூஜ்யம், ஃபேன் 202, ஏசி 300. மொத்தம் 658 யூனிட். பெங்களூரின் 260 இங்கே 658. இரண்டரை மடங்கு. என்னுடைய "அரைப் பங்கு கூட" எங்கே நிற்கிறது பாருங்கள்.

யூனிட் இரண்டரை மடங்கு, ரூபாய் எத்தனை மடங்கு?

இங்கேதான் தமிழ்நாட்டு பில்லின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரில் இப்போது வீடுகளுக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை, அதோடு கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலைக் கட்டணம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் கிடையாது. விலை படிப்படியாக ஏறும்.

2024 ஜூலையில் மாறிய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த ரூ.2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70. பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்குமேல் 11.55.

படிக்கட்டு என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 658 யூனிட் ஆனால் 658-க்கும் 9.45 என்று அர்த்தமில்லை. 600-க்கு மேலுள்ள 58-க்கு மட்டும்தான் அந்த விலை. கணக்கு இப்படி வரும்: 300 யூனிட்டுக்கு 1,410. அடுத்த 100-க்கு 630. அடுத்த 100-க்கு 840. மிச்சம் 58-க்கு 548 சொச்சம். மொத்தம் ரூ.3,428.

ஏசியே இல்லாவிட்டால் இதே வீடு 358 யூனிட், பில் ரூ.978. அதாவது முதல் ஏசியின் 300 யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பது ரூ.2,450. பிள்ளைகள் அறைக்கும் இதே போல் ஒன்று போட்டால் 958 யூனிட், பில் ரூ.6,429. இரண்டாவது ஏசியும் அதே 300 யூனிட்தான் இழுத்தது, விலை மட்டும் ரூ.3,001. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஏசிக்கு இரண்டு விலை! மேல்படியில் எது நிற்கிறதோ அதற்கு மேல்படி விலை. எங்கள் வீட்டில் கோடை முழுக்க நாலு பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்பதற்கு இதுதான் பொருளாதாரம். பையன் பத்தாம் வகுப்பு போனதும் அது நின்றுபோனது, வேறு விஷயம்.

இதே காரணத்தால், மேல்படியில் மிச்சம் பிடிக்கும் யூனிட்டுக்கும் மேல்படி விலைதான். மூன்று ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒவ்வொன்றும் சுமார் 30 வாட். 202 யூனிட் 81 ஆகும். மொத்தம் 537-க்கு இறங்கி பில் ரூ.2,351 ஆகிவிடும். ஒரே பில்லில் ரூ.1,077 மிச்சம். ஏசியை ஐந்து நட்சத்திரமாக மாற்று என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஃபேனைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்து, ஏசியை 24-இலிருந்து 26-க்கு உயர்த்துங்கள். டிகிரிக்கு சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இரண்டு டிகிரிக்கு 12 சதவீதம், 300-இல் 36 யூனிட். 537-இல் 36 போனால் 501.

ஐநூற்று ஒன்று! வேண்டுமென்று போட்ட எண் இல்லை, கணக்கு அங்கே போய் நின்றுவிட்டது. 501 யூனிட்டுக்கு பில் ரூ.2,048.40. ஏசியை ஓர் இரவு இரண்டு மணி நேரம் முன்னதாக அணைத்து 500-இல் நின்றிருந்தால் ரூ.1,805. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40. சென்னைவாசிகள் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் மீட்டர் பெட்டியைப் போய்ப் போய்ப் பார்ப்பதன் ரகசியம் இது. உங்கள் கணக்கு 450-க்கும் 550-க்கும் நடுவில் எங்காவது விழுந்தால், மீட்டர் எண்ணை வாரம் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். 900 யூனிட் ஓட்டுகிறவர் ஒரு யூனிட்டுக்காக விளக்கை அணைப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை.

விலை நாளைக்கு மாறலாம், 2022-இல் மாறியது, 2024-இல் மாறியது. யூனிட் கணக்கு மாறாது. ஆகவே யூனிட்டைப் போட்டு வைத்துக்கொண்டு, அன்றைய விலையைக் கடைசியில் பெருக்குங்கள்.

வருடத்துக்குப் பரப்பினால்

கோடை பில்லைப் பார்த்து மாத பட்ஜெட் போட்டால் பயந்துபோவீர்கள், டிசம்பர் பில்லைப் பார்த்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒற்றை ஏசி, பழைய ஃபேன்கள் உள்ள நம் வீட்டையே ஆறு பில்லாகப் பிரித்துப் பார்த்தேன். டிசம்பர்-ஜனவரியில் ஏசி இல்லை, கீசர் கொஞ்சம் உண்டு, ஃபேனும் குறைவு: 296 யூனிட், ரூ.686. பிப்ரவரி-மார்ச்சில் 25 இரவு ஏசி: 441 யூனிட், ரூ.1,433. ஏப்ரல்-மே, ஜூன்-ஜூலை இரண்டுக்கும் தலா ரூ.3,428. ஆகஸ்ட்-செப்டம்பரில் 45 இரவு என்றால் 583 யூனிட், ரூ.2,737. மழை வந்துவிடும் அக்டோபர்-நவம்பரில் 20 இரவு: 436 யூனிட், ரூ.1,402. கூட்டினால் வருடத்துக்கு ரூ.13,115, மாதத்துக்குச் சுமார் ரூ.1,100.

ஏசி ஓடிய இரவுகளைக் கூட்டிப் பாருங்கள், 210. இரவுக்கு எட்டு மணி என்றால் 1,680 மணி நேரம். ஸ்டிக்கரின் 1,600-க்குக் கிட்டத்தட்ட அதே. பகலிலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் என்றால் இது எங்கேயோ போய்விடும். ஆபீஸ் அறைக்கு ஒரு டன் ஏசி தனியாக, பகல் ஆறு மணி நேரம் என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியே 37 டிகிரி இருக்கும்போது ஏசி ஸ்டிக்கர் சராசரியைவிடக் கூடவே இழுக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது

இதுவரை போட்ட கணக்கை வீடு ஒரே அடியில் தலைகீழாக்கிவிடும். மேல்மாடி வீடு என்றால் தலைக்குமேல் இருப்பது நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம். அது குடித்ததை இரவில்தான் திருப்பிக் கொடுக்கும். நீங்கள் ஏசி போட்டுப் படுக்கும் அதே நேரத்தில். மேற்குப் பார்த்த படுக்கையறைக்கும் இதே கதை.

தரகர்கள் காலை பத்து மணிக்கு வீடு காட்டுவார்கள். அப்போது எந்த வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். மாலை ஏழரைக்குப் போங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். தோசைக்கல்லை இறக்கி வைத்த அரை மணி நேரம் கழித்துத் தொட்டது போல் இருந்தால், ஏசிக் கணக்கில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது வாடகையில் குறைத்துக் கேளுங்கள். மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளுக்கு மத்தியானக் கடற்காற்று சீக்கிரம் வரும், மேற்கே போகப் போகத் தாமதமாகும். பெசன்ட் நகருக்கும் ஆவடிக்கும் வாடகையில் உள்ள வித்தியாசத்தை இந்தக் காற்று ஈடுகட்டாது, அது வேறு.

போர்ஷன் வீடு, தனி வீட்டின் மாடிப் பகுதி என்று பார்க்கிறவர்கள் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "தனி ஈபி மீட்டரா, சப்-மீட்டரா?" சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரரின் ஒரே இணைப்பை உள்ளே பிரித்து அளப்பது. மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் இருக்கிறது, ஆளுக்கு 250 யூனிட் என்று வைப்போம். மொத்தம் 750, பில் ரூ.4,297. தனித்தனி மீட்டராக இருந்தால் 250 யூனிட்டுக்கு ஆளுக்கு ரூ.470, மூவருக்கும் சேர்ந்தே ரூ.1,410. இலவச நூறு மூன்றுக்குப் பதில் ஒன்றாகிறது, படியும் ஏறிவிடுகிறது. இதற்குமேல் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தானே ஒரு விலை வைத்தால் உங்கள் 470 ரூபாய் பில் 2,000 ஆகும். நாங்கள் முதலில் பிடித்த வீட்டில் விலை இன்னும் கூட. சண்டை போடாமல் ஆறு மாதத்தில் காலி செய்தோம்.

தனி மீட்டர் என்றால், முன்பு குடியிருந்தவரின் கோடை பில்லைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு கட்டினார் என்று கேட்டால் "ஆயிரம், ரெண்டாயிரம் இருக்கும் தம்பி" என்று காற்றில் ஒரு பதில் வரும். எத்தனை யூனிட் என்று கேட்டால் பில்லை எடுத்தாக வேண்டும்.

லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றுக்கு அடுக்ககத்தில் தனி இணைப்பு, தனிக் கட்டணப் பிரிவு. அது மெயின்டனன்ஸ் தொகையில் வந்து சேரும்.

தண்ணீர்

வெக்கையான ஊரில் கரண்டுக்கு அடுத்தபடி தண்ணீர்தான் ஏறும். இரண்டு வேளை குளியல், தினம் துவைக்க வேண்டிய வேர்வைத் துணி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து வருகிறவர்களும் 2024 மார்ச்சின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பார்த்தவர்கள்தான்.

நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் வைக்கும் அளவு. நாலு பேருக்கு 540. இருபது வீடுள்ள அடுக்ககத்துக்கு 10,800 லிட்டர், ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் லாரி. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் கிணறும் போர்வெல்லும் வற்றி முழுக்க லாரியை நம்பும் மாதத்தில், நாளுக்கு ஒரு லாரி என்று கொள்ளலாம். அன்றைய லாரி விலையை முப்பதால் பெருக்கி இருபதால் வகுங்கள், உங்கள் வீட்டுப் பங்கு அது. "மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு" என்று அசோசியேஷன் செயலாளர் சொல்லும்போது, லாரித் தண்ணீர் அதற்குள்ளா வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். வெளியே என்றால், போன மே மாதம் எத்தனை லாரி இறங்கியது என்பதையும்.

குடிக்க கேன் தண்ணீர் தனி. நாலு பேர், சமையலும் சேர்த்துக் கோடையில் நாளுக்கு 17, 18 லிட்டர் என்றால் தினம் கிட்டத்தட்ட ஒரு கேன். ஆர்ஓ மெஷின் வைத்தால் கேன் செலவு போகும், ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை அது வெளியே தள்ளும். லாரித் தண்ணீரை அப்படித் தள்ளுவதற்கு மனசு வராது. எங்கள் வீட்டில் அதைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கிறோம்.

கேஸ், இணையம் இரண்டும் ஊரால் பெரிதாக மாறாது, பழைய தொகையையே எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, சாவி வாங்கும் நாளில் செய்ய வேண்டியது. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே மீட்டரில் ஓடும் எண்ணைத் தேதி தெரிய ஒரு படம் எடுங்கள், அவருக்கும் அனுப்பி வையுங்கள். முந்தைய ரீடிங்குக்கும் இதற்கும் நடுவில் ஓடியது பழைய குடித்தனக்காரரின் கணக்கு. ஆனால் பில் பிரிந்து வராது, ஒன்றாகத்தான் வரும். அவர் கடைசி ஒரு மாதத்தில் 350 ஓட்டிவிட்டுப் போயிருந்தால், உங்களுடைய 200 யூனிட்டும் சேர்ந்து 550 ஆகி, 500-க்கு மேலுள்ள படிக்கு ஏறிவிடும். அதை யார் கட்டுவது என்ற பேச்சை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.